டபுள் டேர்: அப்பா அம்மாவையும் அழுக்காக்கும் விளையாட்டு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு நடத்துகிறோம். ‘டபுள் டேர்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பார்த்து, நம் ஊர்ப் பொருட்களை வைத்து நாங்களே ஒட்டுப்போட்டுச் செய்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குடிவந்தவர்கள் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலருக்கு அசல் நிகழ்ச்சியைப் பற்றித் தெரிய வேண்டும், சிலருக்குச் சட்டையில் கறை போகுமா என்று மட்டும் தெரிந்தால் போதும். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன்.

‘டபுள் டேர்’ என்பது என்ன?

குழந்தைகளுக்கான நிக்கலோடியன் சேனலில் 1986 அக்டோபர் 6 அன்று தொடங்கிய கேம் ஷோ. அந்தச் சேனல் சொந்தமாகத் தயாரித்த முதல் கேம் ஷோவும் இதுதான். பிலடெல்பியாவில் இருந்த ஒரு பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் ஸ்டுடியோவில் படமெடுத்தார்கள். சிவப்பு அணி, நீல அணி, அணிக்கு இரண்டு பிள்ளைகள். பாதி நேரம் பொது அறிவுக் கேள்விகள், மீதி நேரம் கிரீம், பாயசம் போன்ற புட்டிங், பச்சைக் குழம்பு (ஸ்லைம் என்கிற கொழகொழப்பு) என்று எதிலாவது புரளுவது.

‘டேர்’ என்றால் சவால். டபுள் டேர் என்றால் சவாலுக்குப் பதில் சவால். “நீ செய், பார்க்கலாம்” என்று ஒருவன் சொல்ல, “முதல்ல நீ செய்டா” என்று மற்றவன் திருப்பிவிடுவானே, பள்ளிக்கூட வாசலில் நாம் எல்லோரும் செய்த அதே வேலைதான். அதற்கு விதிமுறை எழுதி, பணம் வைத்து, கேமரா முன்னால் நிறுத்தினார்கள்.

சரி, எப்படி விளையாடுவார்கள்?

முதலில் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் ஒரு சின்னப் போட்டியில் மோதும். ஜெயிக்கிற அணிக்குக் கொஞ்சம் பணமும், முதல் கேள்வியை எடுக்கும் உரிமையும். அதற்குப் பிறகு நடப்பதை நம் ஊர்க் கேள்வி ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

“தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது?” என்று நடத்துபவர் சிவப்பு அணியைக் கேட்கிறார். பழைய நிகழ்ச்சியின் முதல் சுற்றில் ஒரு கேள்விக்கு 10 டாலர். சிவப்புக்குத் தெரியும் என்றால் பதில் சொல்லி 10 டாலரை எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் “சவால்!” என்று கேள்வியை நீலத்தின் பக்கம் தள்ளலாம். இப்போது கேள்வியின் மதிப்பு 20. நீலத்துக்கும் தெரியவில்லை என்றால் “இரட்டைச் சவால்!” என்று திருப்பி அனுப்பலாம். மதிப்பு 40. பந்து மறுபடி சிவப்பிடம். இனி அவர்கள் தப்ப முடியாது. ஒன்று பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் செயல் சவாலைச் செய்து முடிக்க வேண்டும். எதை எடுத்துக் கோட்டைவிட்டாலும் அந்த 40 டாலர் எதிரணிக்குப் போய்விடும். இரண்டாவது சுற்றில் எல்லாத் தொகையும் இரட்டிப்பு.

செயல் சவால் என்பது பெரும்பாலும் 20 அல்லது 30 வினாடி வேலை. ஒருவர் இடுப்பில் பெரிய கோமாளிக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர் தூரத்தில் இருந்து வீசும் கிரீம் தட்டுகள் அந்தக் கால்சட்டைக்குள் விழ வேண்டும். பாதி கால்சட்டைக்குள் போகும், பாதி முகத்தில்.

(விடை: நீலகிரி வரையாடு. சொல்லாமல் விட்டால் கமென்ட் வந்துகொண்டே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.)

பொது அறிவுக் கேள்விதானே, இதில் அப்படி என்ன புதுமை?

தெரியாததை வைத்துக்கூட விளையாடலாம் என்பதுதான் புதுமை. நம் வினாடி வினாப் போட்டிகளில் தெரியாது என்றால் தலை கவிழ்ந்து நிற்க வேண்டும். முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். டபுள் டேரில் தெரியாது என்பது ஒரு காய் நகர்த்தல். தெரியாதவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சவால் விடுவான். தெரிந்தவனோ தெரியாதவன் மாதிரி நடித்துச் சவால் விடுவான். எதிரணி ஏமாந்து இரட்டைச் சவால் விட்டால், தெரிந்த பதிலைச் சொல்லி நான்கு மடங்கு பணத்தை அள்ளலாம். எதிரணிக்கும் பதில் தெரிந்திருந்தால் போச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். செயல் சவாலுக்கு நேரடியாகப் போக வழி கிடையாது. கேள்வி ஒரு முறை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். படிப்பில் சுமார், ஓடியாடுவதில் கெட்டி என்கிற பிள்ளை, எதிரணியைத் தூண்டிவிட்டுக் கேள்வியைத் திரும்ப வரவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எட்டு வயதுக்கு அது நல்ல கணக்கு.

போன முறை எங்கள் மாடியில் நடந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவும் அவர் பேத்தியும் ஓர் அணி. இந்த வரையாட்டுக் கேள்விதான் அவர்களுக்கு வந்தது. பேத்தி அவர் காதுக்குள், “தாத்தா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. சவால் விடலாம், அவங்க திருப்பி விடுவாங்க” என்றாள். மாடி முழுக்கக் கேட்டது அந்த ரகசியம். தாத்தா தலையை ஆட்டினார், உதட்டை மடித்துக்கொண்டார், மூன்று வினாடி தாங்கினார். அப்புறம் “வரையாடு! நீலகிரி வரையாடு!” என்று கத்திவிட்டார். பத்தே பத்து மதிப்பெண். பதிலை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது அவர் வாழ்நாளில் பழகாத விஷயம். பேத்தி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வகுப்பில் டீச்சர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

பெற்றோர் எப்போது உள்ளே வந்தார்கள்?

1988இல். ஃபாக்ஸ் தொலைக்காட்சி ‘ஃபேமிலி டபுள் டேர்’ என்ற பெயரில் குடும்பப் பதிப்பைச் சில மாதங்கள் ஒளிபரப்பியது. பிறகு 1990இல் நிக்கலோடியனே அதை எடுத்து 1993 வரை நடத்தியது. அதற்குள் சேனல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், யுனிவர்சல் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள்ளேயே சொந்த ஸ்டுடியோவைத் திறந்திருந்தது. அணிக்கு நான்கு பேர்: இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள்.

எனக்குக் குடும்பப் பதிப்புதான் அதிகம் பிடிக்கும். பிள்ளைகள் சேற்றில் விழுவது செய்தியே இல்லை, அவர்கள் எப்படியும் விழுவார்கள். அலுவலகம் போகிற, கண்ணாடி போட்ட, லேசாகத் தொப்பை விழுந்த ஓர் அப்பா, தலைக்கவசமும் முழங்கால் உறையும் மாட்டிக்கொண்டு சாக்லேட் குழம்பில் வழுக்கும்போது மகளின் முகத்தைப் பாருங்கள். “அப்பா, இடது பக்கம்! அங்கே இல்லை, இடது!” என்று அவள் கட்டளையிடுவாள். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவர் எடுக்க வேண்டிய கொடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியே நிற்கும் அவளுக்குத்தான் தெரியும்.

நம் ஊர்க் குழந்தைகள் நிகழ்ச்சிகள் பலவற்றில் குழந்தை மேடையில் நிற்கும், பெற்றோர் கீழே உட்கார்ந்து கண் கலங்குவார்கள். கேமராவும் அந்தக் கண்ணீரைத் தேடிப் போகும். இதில் அழுவதற்கு நேரமும் இல்லை, கண்ணைத் துடைக்கச் சுத்தமான கையும் இல்லை.

கடைசிச் சுற்று எப்படி?

அதிகப் பணம் சேர்த்த அணி தடைப் பாதைக்குப் போகும். எட்டுத் தடைகள், 60 வினாடிகள். ஒவ்வொரு தடையிலும் ஓர் ஆரஞ்சுக் கொடி ஒளிந்திருக்கும். ஒருவர் கண்டுபிடித்து அடுத்தவர் கையில் கொடுத்த பிறகே அவர் அடுத்த தடைக்குள் இறங்கலாம். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பரிசு, போகப் போகப் பெரிதாகும். எட்டாவதுக்குத்தான் பெரிய பரிசு.

மிகவும் பேர் வாங்கிய தடை ஒரு ராட்சத மூக்கு. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மனித மூக்கு, உள்ளே பச்சையாகக் கொழகொழ. நாசித் துவாரத்துக்குள் கையை விட்டுத் துழாவிக் கொடியை எடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் எந்த ஊர்க் குழந்தையும் சிரிக்கும், எந்த ஊர்ப் பெரியவரும் முகம் சுளிப்பார். இன்னொன்று ‘சண்டே ஸ்லைடு’ (ஐஸ்கிரீம் சண்டே, ஞாயிற்றுக்கிழமை இல்லை). சாக்லேட் வழியும் சரிவில் ஏறி, உச்சியில் இருந்து அந்தப் பக்கம் வழுக்கி இறங்க வேண்டும். ஏற ஏறக் கால் பின்னால்தான் போகும். பதற்றப்படுகிறவர் பத்து வினாடியை அங்கேயே தொலைப்பார். வெள்ளெலிக் கூண்டில் இருக்குமே ஒரு சக்கரம், அதை ஆள் ஓடும் அளவுக்குச் செய்து ஒரு தடையாக வைத்திருந்தார்கள்.

ஒரு தடைக்குச் சராசரியாக ஏழரை வினாடிதான். மூக்குக்குள் ஒரு முறை கை தடுமாறினால் எட்டாவது கொடியை மறந்துவிட வேண்டியதுதான்.

நடத்தியவருக்குச் சுத்தம் என்றால் பைத்தியம் என்கிறார்களே, உண்மையா?

பைத்தியம் என்ற சொல்லை விட்டுவிடுவோம், அது நோய். மார்க் சம்மர்ஸ் 1951இல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். மாயவித்தை, மேடை நகைச்சுவை, படப்பிடிப்புக்கு முன் பார்வையாளர்களைச் சிரிக்க வைத்துத் தயார்செய்யும் வேலை என்று பல வருடம் அலைந்த பிறகு இந்த நிகழ்ச்சி கிடைத்தது. தேர்வுக்கு அழைப்பு வந்ததுகூட அவருக்கு இல்லை, பொம்மையை வைத்துப் பேசும் கலைஞரான அவருடைய நண்பர் ஒருவருக்கு. நண்பர் இவரைக் கைகாட்டினார்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோய் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக் கம்பளத்தின் ஓரக் குஞ்சங்களைத் தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நேராக்குவாராம். அப்படிப்பட்டவர் கோட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, தினமும் பல மணி நேரம் கிரீமும் குழம்பும் பறக்கும் மேடையில் நின்றார். சில நாள் அவர் மேலேயும் கொட்டினார்கள், அவரும் சிரித்தார். அந்தக் காலத்தில் தனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்றே அவருக்குத் தெரியாது. 1990களின் நடுவில்தான் வெளிப்படையாகப் பேசினார், 1999இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

சிலர் இதை “பயத்தை ஜெயித்தார்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்காத ஒன்றைப் பிழைப்புக்காகச் சிரித்த முகத்தோடு செய்தார். வீட்டுக்குப் போய் நெடுநேரம் குளித்திருப்பார். நம்மில் பலரும் செய்வதுதானே.

பிற்பாடு அவர் பல ஆண்டுகள் ஓர் உணவுச் சேனலில், மிட்டாயும் நொறுக்குத் தீனியும் ஆலையில் எப்படித் தயாராகின்றன என்று காட்டும் நிகழ்ச்சியை நடத்தினார். அங்கே எல்லாம் கண்ணாடி போலச் சுத்தம். நிம்மதியாக இருந்திருக்கும். 2024இல் தன் கதையையே நாடகமாக நியூயார்க் மேடையில் நடித்தார்.

அந்தப் பச்சைக் குழம்பு எங்கிருந்து வந்தது?

கனடாவில் இருந்து. 1979இல் ஒட்டாவா நகரத்தில் தொடங்கிய ஒரு பிள்ளைகள் நகைச்சுவை நிகழ்ச்சியில், யாராவது “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் மேலிருந்து தலையில் பச்சைக் குழம்பு கொட்டும். நிக்கலோடியன் அதை வாங்கி அமெரிக்காவில் ஒளிபரப்பியது, குழம்பும் கூடவே வந்து சேனலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தக் கனடா நிகழ்ச்சியில் வேலை பார்த்த ஜெஃப்ரி டார்பி, பின்னர் டபுள் டேரை உருவாக்கியவர்களில் ஒருவர்.

ஒரு வேடிக்கை. அங்கே “தெரியாது” என்றால் தண்டனை. அதே ஆள் கைபட்ட அடுத்த நிகழ்ச்சியில் “தெரியாது” என்பது ஆட்டத்தின் அச்சாணி. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும்.

குழம்பில் என்ன இருந்தது என்றால், காலத்துக்குக் காலம் மாறியது. கோதுமை ரவைக் கஞ்சி, ஜெல்லிப் பொடி, பச்சை நிறம், தலையில் இருந்து கழுவ எளிதாக இருக்கட்டும் என்று குழந்தைகள் ஷாம்பு. டபுள் டேரில் இந்த மாதிரிக் கொழகொழப்புக்கு ‘காக்’ என்று பெயர். பின்னாளில் அதே பெயரில் மேட்டல் நிறுவனம் டப்பாவில் அடைத்த பொம்மைக் களியை விற்றது.

பரிசு என்ன கொடுத்தார்கள்?

சைக்கிள், இசைக் கருவி, டிவி, சுற்றுலா. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் இருக்கும் விண்வெளி முகாமுக்குப் பயணம் என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்த பரிசு. குடும்பப் பதிப்பில் காரும் வைத்தார்கள். அமெரிக்காவில் கேம் ஷோ பரிசுக்கு அதன் சந்தை மதிப்பில் வருமான வரி உண்டு. பிள்ளை குதிக்கும்போது அப்பா கொஞ்சம் யோசனையாக நிற்பது அதனாலும் இருக்கலாம்.

எங்கள் மாடியில் பரிசு ஒரு பலாப்பழம். அடுத்த முறையும் பலாப்பழம்தான், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடிபடாதா?

அசலில் தடைப் பாதைக்குப் போகிறவர்களுக்குத் தலைக்கவசம், முழங்கை முழங்கால் உறைகள் கட்டாயம். நாங்களும் ஸ்கேட்டிங் கற்கும் பிள்ளைகளிடம் இரவல் வாங்கி மாட்டிவிடுகிறோம். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி எந்த விளையாட்டும் கிடையாது. நடுவில் மட்டும், கயிறு கட்டி. தரையில் பழைய கோணியை விரித்து, மேலே நனைந்த போர்வை. வழவழ டைல்ஸ் போட்ட மாடியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கீழே மண் தரையில் நடத்துங்கள்.

ஷேவிங் நுரை வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் கலர் ஜெல் மணிகளை வாங்கி வராதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளும் ஊறி அடைத்துக்கொள்ளும். விளையாட்டாகச் சொல்லவில்லை. போராக்ஸ் (வெங்காரம்) போட்ட ஸ்லைமும் அப்படியே, வேண்டாம். யாருக்காவது கடலை, பால், முட்டை ஒவ்வாமை உண்டா என்று முந்தின நாளே வீடு வீடாகக் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுப் பொருளை வீணடிப்பது தப்பில்லையா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் வழவழப்பான பதில் இல்லை. முதல் முறை நடத்தியபோது மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கிரீம் தட்டு பறந்ததும் எழுந்துவிட்டார். “இலையில ஒரு பருக்கை கீழ விழுந்தா எடுத்துப் போடுன்னு சொல்லி வளர்த்துட்டு, இப்ப இதுவா?” என்றார். அவர் சொன்னது சரிதான். கிரீம் தட்டை வைத்து அடிப்பது அமெரிக்க நகைச்சுவையில் ஊறிப்போன விஷயம். அங்கே கிரீம் என்றால் சிரிப்பு. நமக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை. நமக்கு வீசி அடிக்கத் தோதானவை மஞ்சள் தண்ணீரும் சேறும்தான்.

அதனால் விதியை மாற்றினோம். அரிசி, பருப்பு, பால், சோறு எதுவும் விளையாட்டுக்குக் கிடையாது. வண்டு விழுந்த ரவை, காலாவதியான சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), மரத்தில் இருந்து பறிக்கும் இலை, தண்ணீர், களிமண், இவை மட்டும். பாட்டி அடுத்த முறை வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். செம்பருத்தி யோசனையே அவருடையதுதான்.

என்ன செம்பருத்தி?

எங்கள் பச்சைக் குழம்பின் ரகசியம். ஒரு பை நிறையச் செம்பருத்தி இலையைப் பறித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கையால் பிசைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் நுரைத்துப்போகும், கையால் பிசைந்தால்தான் அந்த நூல் நூலாக இழுபடும் கொழகொழப்பு வரும். கால் மணி நேரத்தில் ஒரு வாளியின் அடியில் கரும்பச்சையாகச் சேரும். விரலை விட்டுத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழியும். தலையில் கொட்டினால் திட்டுவதற்கும் யாருமில்லை, முடிக்கு நல்லது என்று அம்மாக்களே வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டையில் மட்டும் கறை நிற்கும். பழைய உடுப்போடு வாருங்கள்.

ராட்சத மூக்கை ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் செய்தோம். இரண்டு துவாரம் வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறையில் இந்தச் செம்பருத்திச் சாறு. மூக்கு யாருடையது என்று ஒவ்வொரு முறையும் பெரிய விவாதம் நடக்கும். முதல் தளத்துச் சார் அதில் கலந்துகொள்வதில்லை.

வேறு என்ன சவால்கள் வைக்கிறீர்கள்?

எலுமிச்சையும் கரண்டியும் எல்லோருக்கும் தெரியும். அதையே அம்மா வாயில் கரண்டி, கண்ணைக் கட்டி, பிள்ளை வழி சொல்ல வேண்டும் என்று மாற்றினால் ஆட்டம் வேறு. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கித் தலையில் வைத்து ஓடி, எதிரே இருக்கும் சொம்பை நிரப்புவது ஒன்று. அரை நிமிடத்தில் சொம்பு நிரம்பியதே இல்லை, சட்டைதான் நிரம்பும்.

சோளமாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் விசித்திரமான களி கிடைக்கும். குத்தினால் கல் மாதிரி நிற்கும், மெதுவாகக் கையை விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குள் ஐந்து கோலிகளைப் போட்டு எடுக்கச் சொல்வோம். அவசரப்படுகிற அப்பாக்கள் குத்திக் குத்தித் தோற்பார்கள். ஆறு வயதுக் குழந்தை நிதானமாக விரலை விட்டு எடுத்துவிடும்.

உறியடியைச் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். கம்பும் கண்கட்டும் ஒரே இடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கேள்விகளை யார் தயாரிப்பது?

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள். பெற்றோரிடம் விட்டால் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நல்ல டபுள் டேர் கேள்வி என்பது தெரிந்த மாதிரியே இருக்க வேண்டும், நாக்கு நுனியில் நிற்க வேண்டும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியக் கூடாது. “பத்து ரூபாய் நாணயத்தில் எத்தனை நிறம்?” “நம் குடியிருப்பில் மொத்தம் எத்தனை படி?” இந்த மாதிரி. படிக்கட்டுக் கேள்வியில் பன்னிரண்டு வருடம் குடியிருப்பவர்கள் தோற்றார்கள். தினமும் பள்ளிப் பையோடு எண்ணிக்கொண்டே ஏறுகிற இரண்டாம் வகுப்புப் பையன் பட்டென்று சொன்னான்.

பாதிக் கேள்விகள் பெரியவர்களுக்குத் தெரியாததாக இருக்கட்டும். கார்ட்டூன், வகுப்பு டீச்சரின் பட்டப்பெயர், இந்த வார விளையாட்டு. அப்போதுதான் பெரியவர்களும் சவால் விடக் கற்றுக்கொள்வார்கள்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இது ஒத்துவருமா?

அசல் டபுள் டேரில் ஆடியவர்கள் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள். பொடிசுகளுக்குச் சவால் விடும் விதி குழப்பும். அவர்களுக்கு மாதிரியாகப் பிபிசியின் ‘சுவாஷ்பக்கிள்’ நிகழ்ச்சியைப் பாருங்கள். 2013இல் சிபீபீஸ் சேனலில் தொடங்கியது. கடற்கொள்ளையர்கள் திருடிய நகைகளைக் குழந்தைகள் மீட்க வேண்டும். கொள்ளையர்களாக வருபவர்கள் பெரியவர்கள், அத்தனை பேரும் மக்குகள். குழந்தைகள் ஜெயித்தால் ஒரு கொள்ளையர் பலகையில் நடந்துபோய்க் கொழகொழக் குழிக்குள் விழ வேண்டும், யார் விழுவது என்பதைக் குழந்தைகள் சொல்வார்கள்.

அந்த ஒரு உரிமை போதும். எங்கள் மாடியில் பொடிசுகளுக்குத் தனிச் சுற்று வைத்து, ஜெயித்தால் எந்தப் பெரியவர் தலையில் செம்பருத்திச் சாறு என்று அவர்களே விரல் நீட்டலாம் என்றோம். பெரும்பாலும் தன் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் தண்ணீர் மோட்டார் போட மறக்கும் செயலாளரைக் காட்டினாள். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

தோற்றால் அழுகிறானே, என்ன செய்வது?

அழட்டும். உடனே சமாதானம் சொல்லவும் வேண்டாம், “பரவாயில்லை, நீதான் பெஸ்ட்” என்று பொய் சொல்லவும் வேண்டாம். அடுத்த சவாலில் அவன் அப்பாவை இறக்கிவிடுங்கள். அப்பா வழுக்கி விழுந்த பிறகும் அழுதுகொண்டிருந்த பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்பா வரவில்லை, ஃபோனில் இருக்கிறார் என்றால் அது வேறு பிரச்சினை. அதற்குத்தான் நுழைவு விதி: ஃபோனைக் கீழே வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

நிகழ்ச்சி இன்னும் வருகிறதா?

விட்டு விட்டு வந்தது. 2000இல் ‘டபுள் டேர் 2000’ என்று ஜேசன் ஹாரிஸ் நடத்தினார். 2018 ஜூனில் மறுபடி தொடங்கி அடுத்த ஆண்டு முடிந்தது. அதை லைசா கோஷி நடத்தினார், பழைய மார்க் சம்மர்ஸ் வர்ணனைக்கு வந்து உட்கார்ந்தார். ஆர்லாண்டோ ஸ்டுடியோ 2005இலேயே மூடப்பட்டது.

பார்க்க நேர்ந்தால் 1990களின் குடும்பப் பதிப்பில் இருந்து தொடங்குங்கள். புதியதில் வெட்டும் ஒட்டும் வேகம், பழையதில் ஒருவர் மூக்குக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டே இருப்பார், கேமராவும் அங்கேயே நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் தரையை யார் கழுவுவது?

டிவியில் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு சவாலுக்கும் நடுவே துடைப்பமும் துணியுமாக ஓடி வருவார்கள். நம்மிடம் தோற்ற அணிதான். முதல் வருடம் சோளமாவுக் களியை ஈரத்தோடு மழைநீர்க் குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். உள்ளே இறுகி, அடைத்து, பிளம்பருக்கு எண்ணூறு ரூபாய் ஆனது. இப்போது களியை வெயிலில் காயவிட்டு, மறுநாள் காலையில் பொடியானதும் பெருக்கி அள்ளுகிறோம். செம்பருத்திச் சாற்றை உடனே தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும், காய்ந்தால் பச்சைத் தடம் நின்றுவிடும். போன முறை தேய்த்துவிட்டது தாத்தாவும் பேத்தியும். துடைப்பம் தாத்தா கையில், வாளி பேத்தி கையில். எங்கே தேய்க்க வேண்டும் என்று அவள்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.